கடமை மட்டும் கடல் தாண்டும், உரிமை தாண்டாதா?

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வேர்டு வந்துச்சு. உங்க குரூப்புக்கும் வந்திருக்கும். திண்ணையில தனியா உக்காந்திருக்கிற ஒரு வயசான அம்மா படம். மேல பெரிய எழுத்துல "பிள்ளை வெளிநாட்டில், பெற்றவள் திண்ணையில். பணம் வந்தது, பாசம் போனது"ன்னு போட்டிருந்துச்சு. கீழ ரெண்டு அழுகிற பொம்மை, ஒரு கும்பிடு. குரூப்ல பாதிப் பேரு "உண்மை, உண்மை"ன்னு பதில் போட்டிருந்தாங்க.

அந்த குரூப்ல எங்க அப்பாவும் இருக்காரு. சவூதியில இருந்து பாத்திருக்காரு. ப்ளூ டிக் விழுந்துச்சு. அவரு எதுவும் சொல்லல.

அவரு சொல்லாததை நான் சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா படிங்க.

பாசம் எங்கயும் போகல. பாசத்தோட ஏர்போர்ட் வரைக்கும் ஓடி வர்றவனுக்குக் கதவு திறக்க மாட்டேங்குது. அந்தக் கதவைப் பூட்டினது யாரு, சாவி யார் கையில இருக்குங்கிறதுதான் இந்தப் பதிவு.

■ 2018, எங்க வீடு

எங்க ஊரு அறந்தாங்கி பக்கம். அப்பா ஜுபைல்ல ஸ்காஃபோல்டிங் வேலை. நான் அப்ப இன்ஜினியரிங் மூணாவது வருஷம். என் காலேஜ் ஃபீஸு, தங்கச்சி ஸ்கூல் ஃபீஸு, வீட்டுக்கடன், அப்பத்தாவோட சுகர் மாத்திரை எல்லாமே அந்த இரும்புக் குழாய் மேல நின்னு சம்பாதிச்ச காசுதான்.

தினமும் காலையில ஆறரைக்கு அப்பாகிட்ட இருந்து இமோல கால் வரும். அங்க அப்ப மணி நாலு. டியூட்டி பஸ் வர்றதுக்கு முன்னாடி, அப்பத்தா கோலம் போட்டுட்டு வந்து உக்கார்ற நேரம் பாத்துக் கூப்பிடுவாரு. ரெண்டு பேரும் பெருசா எதுவும் பேச மாட்டாங்க. "சாப்டியாய்யா?" "சாப்டேன்மா, நீ மாத்திரை போட்டியா?" அவ்வளவுதான். பதினோரு வருஷம் அது ஒரு நாளும் தப்புனதில்ல.

அப்பத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வலது பக்கம் விழுந்துருச்சு, பேச்சு போச்சு. ஆஸ்பத்திரியில "ரத்த சம்பந்தம் யாரு, மகன் எங்க, கையெழுத்துப் போடணும்"னு கேட்டாங்க. மகன் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். மருமக, எங்க அம்மா, கையெழுத்துப் போட்டாங்க.

அப்பா அன்னைக்கே லீவு கேட்டாரு. ஷட்டவுன் வேலை நடக்குது, ஆள் இல்லன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அந்தக் காலத்துல சவூதியை விட்டு வெளிய வரணும்னா எக்ஸிட் ரீ-என்ட்ரி அடிக்கணும், அதை முதலாளிதான் அடிக்கணும். டிக்கெட் எடுக்கக் காசு இருக்கு. தூக்கிட்டு வரப் பெட்டி கூட வேண்டாம். ஆனா நாட்டை விட்டு வெளிய கால் வைக்க இன்னொருத்தன் விரல் ஒரு பட்டனை அமுக்கணும். அவன் அமுக்கல.

"எவ்வளவு செலவானாலும் பரவால்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"ன்னு போன்ல கத்துனாரு. காசு இருந்துச்சு தோழர்களே. ஆள்தான் இல்ல.

ஆறாம் நாள் அப்பத்தா போயிட்டாங்க. அதுக்கு முந்தின ரெண்டு நாளும் காலையில ஆறரைக்குப் போனை அவங்க காதுகிட்ட வைப்பேன். அப்பா "அம்மா, அம்மா"ன்னு கூப்பிடுவாரு. அப்பத்தா கண்ணு போனைத் தேடாது. வாசக்கதவைத்தான் பாக்கும்.

எக்ஸிட் இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம். வரல. எங்க பக்கம் வழக்கப்படி பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கணும், மகன் கொள்ளி வைக்கணும். நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய நான் கொள்ளி வச்சேன். அப்பா இமோல பாத்தாரு. சுடுகாட்டுல சிக்னல் கிடையாது. பாதியில படம் நின்னுருச்சு.

பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் அப்பா வந்து சேர்ந்தாரு.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. ராமநாதபுரம், தஞ்சாவூர் கடலோரத்துச் சபுராளிக் குடும்பங்களைக் கேளுங்க. பரமக்குடி, திருவாடானை, மன்னார்குடி, பெரம்பலூர்ப் பக்கம் கேளுங்க. எந்தத் தெருவுல கேட்டாலும் இப்படி ஒரு இமோ சாவு இருக்கும்.

■ சட்டம் யார் பக்கம்?

நான் வக்கீல் இல்ல, பி.இ. படிச்சவன். ஆனா சட்டத்தைப் படிக்க வக்கீலா இருக்கணும்னு இல்ல. படிச்சுப் பாத்தேன். பாத்ததுல வந்த கோவம்தான் இந்தப் பதிவு.

2007-ல நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுச்சு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். வயசான பெத்தவங்களைப் பிள்ளைங்க பராமரிச்சே ஆகணும்னு சொல்ற சட்டம். மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் பராமரிப்புத் தொகை கட்டச் சொல்லி உத்தரவு போடலாம். தன் பொறுப்புல இருக்கிற முதியவரைக் கைவிட்டா மூணு மாசம் வரை ஜெயில், இல்லன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும். நல்ல சட்டம். நாங்க அதை எதிர்க்கல. கைவிடப்பட்ட எத்தனையோ தாய் தகப்பனுக்கு அது ஒரு பிடிமானம்.

அந்தச் சட்டத்தோட முதல் பிரிவுலயே ஒரு வரி இருக்கு. இந்தியாவுக்கு வெளியில இருக்கிற இந்தியக் குடிமக்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

ஆக, பெத்தவங்களைப் பாக்க வேண்டிய கடமை பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாம கடல் தாண்டி ஜுபைல் வரைக்கும் போகுது. சிங்கப்பூர் டார்மிட்டரி வரைக்கும் போகுது. சரி. அந்தக் கடமையைச் செய்ய லீவு வேணுமே? வெளிய வர அனுமதி வேணுமே? திரும்பிப் போனா வேலை இருக்கணுமே? அதுக்கு நம்ம சட்டம் எங்க?

1983-ல போட்ட குடிபெயர்வுச் சட்டம் இருக்கு. பத்தாவது தாண்டாத தொழிலாளி வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போகணும்னா அரசாங்க அனுமதி வாங்கணும், வேலை ஒப்பந்தத்தைக் காட்டணும். அந்த ஒப்பந்தத்துல என்னென்ன இருக்கணும்னு விதிகள் பட்டியல் போடுது. சம்பளம், சாப்பாடு, தங்குற இடம், வேலை நேரம் எல்லாம் வருது. அதுல ஒரு இனம் இருக்கு தோழர்களே. தொழிலாளி செத்துட்டா அவன் உடலை என்ன செய்யணும், எப்படி ஊருக்கு அனுப்பணும்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கணும்.

பிணமா எப்படித் திரும்பி வரணும்னு எழுதத் தெரிஞ்ச அரசுக்கு, பெத்த தாய் சாகக் கிடந்தா உயிரோட எப்படித் திரும்பி வரணும்னு ஒரு வரி எழுதத் தோணலயே! நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒருத்தருக்கும் தோணலயா?

போய் இறங்குற நாடுகள் என்ன தருதுன்னு பாப்போம். ஐக்கிய அரபு அமீரகத்துல 2021-ல வந்த புதுத் தொழிலாளர் சட்டம், தாயோ தகப்பனோ இறந்தா மூணு நாள் லீவு தருது. துபாய்ல இருந்து திருச்சி வந்து இறங்கி ஊருக்குப் போக ஒரு நாள். சடங்குக்கு ஒரு நாள். திரும்ப ஒரு நாள். அழுறதுக்கு நாள் கிடையாது. சவூதி சட்டம் அஞ்சு நாள் தருது. சிங்கப்பூர்ல துக்க லீவு தரணும்னு சட்டக் கட்டாயமே இல்ல, கம்பெனி பாத்துக் குடுத்தா உண்டு.

இதெல்லாம் செத்த பிறகு. உசுரோட படுத்துக் கிடக்கிற தாயைப் பாக்க? மூணு நாட்டுச் சட்டத்துலயும் அதுக்குன்னு தனி லீவு இல்ல. வருஷ லீவு மிச்சம் இருந்து, மேனேஜருக்கு மனசும் இருந்தா வரலாம்.

அப்பா அம்மாவை அங்க கூட்டிட்டுப் போய் வச்சுக்கலாமேன்னு கேப்பாங்க. சிங்கப்பூர்ல வொர்க் பெர்மிட்ல இருக்கிற தொழிலாளி பொண்டாட்டி பிள்ளையைக்கூடக் கூட்டிட்டுப் போக முடியாது. அமீரகத்துலயும் குடும்ப விசாவுக்குச் சம்பள வரம்பு வச்சிருக்காங்க. அந்தச் சம்பளம் மேஸ்திரி வேலைக்கும் ஹெல்ப்பர் வேலைக்கும் வராது. அதாவது சட்டமே குடும்பத்தை ரெண்டாப் பிரிச்சு வைக்குது. பிரிச்சு வச்ச பிறகு, "பாசம் போனது"ன்னு நாம ஃபார்வேர்டு போடுறோம்.

■ "யார் போகச் சொன்னா?"

இந்தப் பதிவுக்குக் கீழ முதல் கமென்ட் இதுவாத்தான் வரும். அதனால இப்பவே பதில் சொல்லிடுறேன்.

யார் போகச் சொன்னான்னு ரிசர்வ் வங்கியைக் கேளுங்க. 2023-24-ல வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்கள் நாட்டுக்கு அனுப்புன பணம் 118.7 பில்லியன் டாலர். உலகத்துலயே அதிகமாப் பணம் வாங்குற நாடு இந்தியா. ரிசர்வ் வங்கி எடுத்த கணக்குப்படி அதுல மகாராஷ்டிரா, கேரளாவுக்கு அடுத்து மூணாவது இடம் தமிழ்நாடு, 10.4 சதவீதம். பெருக்கிப் பாருங்க. ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி ரூபாய்.

2015-ல நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்க சுமார் 22 லட்சம் பேருன்னு சொல்லுச்சு. சிங்கப்பூர், அமீரகம், சவூதி இந்த மூணும்தான் முன்வரிசை. இத்தனை பேரும் ஜாலிக்கா போனாங்க? தண்ணி வராத வயல், மூடின மில்லு, படிச்ச படிப்புக்குப் பன்னிரெண்டாயிரம் சம்பளம். இதெல்லாம் சேர்ந்துதான் போகச் சொல்லுச்சு.

டாலர் வரும்போது "நாட்டின் பெருமை". அம்மாவைப் பாக்க லீவு கேட்டா "யார் போகச் சொன்னா". ரெண்டும் ஒரே வாய்ல இருந்து வர்றதுதான் அசிங்கம்.

இன்னொரு கேள்வியும் வரும். "அந்த நாட்டு முதலாளிக்கு நாம எப்படி உத்தரவு போட முடியும்?" கேக்க நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கு. ஆனா நம்ம கையில பிடி இல்லைங்கிறது பொய்.

வளைகுடாவுக்குப் போற தொழிலாளிக்கு இதைவிடக் குறைஞ்ச சம்பளத்துக்கு ஆள் எடுக்கக் கூடாதுன்னு ஒன்றிய அரசே ஒரு அளவு வச்சிருக்கு. குறைந்தபட்ச பரிந்துரை ஊதியம்னு பேரு. அதாவது வெளிநாட்டு முதலாளி குடுக்கிற சம்பளத்துல இங்க இருந்தே தலையிட முடியும். தலையிட்டாங்க. எப்படின்னு கேளுங்க. 2020 செப்டம்பர்ல, கொரோனாவுல நம்ம ஆளுங்க சாப்பாட்டுக்கே திண்டாடின நேரத்துல, அந்த ஊதியத்தை 30-ல இருந்து 50 சதவீதம் வரை குறைச்சாங்க! எதிர்ப்பு வந்துச்சு, தெலங்கானா உயர் நீதிமன்றத்துல வழக்கு வந்துச்சு. 2021-ல பழையபடி மாத்துனாங்க. இதுல ரெண்டு பாடம் இருக்கு. பிடி இருக்கு. போராடுனா அது நம்ம பக்கம் திரும்பவும் செய்யுது.

அமீரகத்தோட 2022 பிப்ரவரியில பெரிய வர்த்தக ஒப்பந்தம் போட்டாங்க. மே 1-ஆம் தேதி, உழைப்பாளர் தினத்துல, அமலுக்கு வந்துச்சு. தங்கத்துக்கு என்ன வரி, நகைக்கு என்ன சலுகைன்னு வரிசையாப் பேசி முடிச்சாங்க. அந்த மேசையில ஸ்காஃபோல்டிங் தொழிலாளியோட அவசர லீவைப் பத்தியும் பேசியிருக்கலாமே? தங்கம் தாய்க்கு ஏங்காது. அதனால அதுக்குப் பேச ஆள் இருக்கு.

அந்த நாடுகளே மாறிட்டு வருதுங்கிறதையும் சொல்லணும். சவூதி 2021 மார்ச்ல இருந்து பெரும்பாலான தொழிலாளிங்களுக்கு முதலாளி சம்மதம் இல்லாமலே எக்ஸிட் ரீ-என்ட்ரி வாங்க வழி பண்ணுச்சு. கத்தார் அதுக்கு முன்னாடியே, 2018-லயும் 2020-லயும், வெளியேறும் அனுமதியைப் படிப்படியா எடுத்துச்சு. எங்க அப்பாவுக்கு மூணு வருஷம் லேட்டு. ஆனா சவூதியோட அந்த 2021 மாற்றத்துல வீட்டுவேலை செய்றவங்க, வீட்டு டிரைவருங்க, பண்ணை ஆளுங்க சேரல. மிச்சம் இருக்கிற கதவைத் திறக்க நம்ம அரசாங்கம் போய்த் தட்டணுமா வேண்டாமா?

■ ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்கிறவங்க

வீட்டுவேலைன்னு சொன்னேன். அதுல பெரும்பாலும் பொம்பளைங்க. நம்ம கடலோர மாவட்டங்கள்ல இருந்து எத்தனையோ அக்காங்க போயிருக்காங்க. வேலை என்ன? இன்னொருத்தர் வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டுறது, இன்னொருத்தர் வீட்டுப் பாட்டியைத் தூக்கி உக்கார வைக்கிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு பழமொழி சொல்றோம். எங்க வளருது? அந்த அக்காவோட பிள்ளை காய்ச்சல்ல கிடந்தா பக்கத்து வீட்டு அத்தைதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறாங்க.

இந்தப் பக்கம் ஊருல தனியா நிக்கிறதும் பொம்பளைங்கதான். எங்க அம்மா பதினோரு வருஷம் மாமியாரைப் பாத்துக்கிட்டாங்க. ஊசி, மாத்திரை, கடைசியில படுக்கையில அள்ளிப் போடுறது வரைக்கும். அதுக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பேரு கூடக் கிடையாது. அனுப்புற பணத்துக்குக் கணக்கு வைக்கிற அரசு, அந்தப் பணம் அனுப்புறவனோட வீட்டைத் தாங்குற உழைப்புக்கு எந்த நோட்டுல கணக்கு வைக்குது?

குடும்பப் பொறுப்பு உள்ள தொழிலாளிங்களுக்காக சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1981-லயே ஒரு உடன்படிக்கை கொண்டு வந்துச்சு. எண் 156. இந்தியா இன்னைக்கு வரைக்கும் அதை ஏற்கல. புலம்பெயர் தொழிலாளிங்களோட உரிமைகளுக்கும் அவங்க குடும்பத்துக்கும் ஐ.நா. 1990-ல உடன்படிக்கை கொண்டு வந்துச்சு. பிலிப்பைன்ஸ் 1995-ல ஏத்துக்கிச்சு. இலங்கை 1996-ல ஏத்துக்கிச்சு. இந்தியா ஏற்கல. பெத்தவங்களுக்கு முடியலன்னா லீவுங்கிற உரிமை நம்ம நாட்டுத் தனியார் கம்பெனியிலயே சட்டமா இல்லாதப்போ, வெளிநாட்டுக்காரன்கிட்ட எந்த முகத்தோட கேக்கப் போறோம்? முதல்ல இங்க ஆரம்பிக்கணும். அப்பதான் அங்க வாய் திறக்க முடியும்.

■ வர்ற வழியில என்ன நடக்குது?

சரி, லீவு கிடைச்சிருச்சுன்னு வைங்க. அடுத்தது டிக்கெட். அம்மா எப்ப விழுவாங்கன்னு மூணு மாசம் முன்னாடி தெரிஞ்சு புக் பண்ண முடியுமா? நாளைக்குக் காலை ஃப்ளைட்டுக்கு இன்னைக்கு ராத்திரி டிக்கெட் எடுக்கிறவன்கிட்டதான் விமானக் கம்பெனி மொத்தமாக் கறக்குது. கேட்டா, கட்டணத்தைச் சந்தைதான் தீர்மானிக்கும்னு சொல்றாங்க. அப்படியா? 2020 மே-ல இருந்து 2022 ஆகஸ்ட் வரைக்கும் உள்நாட்டு விமானத்துக்கு உச்சவரம்பு வச்சது யாரு? 2025 டிசம்பர்ல விமானங்கள் வரிசையா ரத்தாகி நாடே ஏர்போர்ட்ல கிடந்தப்போ உச்சவரம்பு வச்சது யாரு? இதே ஒன்றிய அரசுதான். நினைச்சா முடியும். வளைகுடாவுல இருந்து பெத்தவங்க சாவுக்கு ஓடி வர்றவனுக்காக மட்டும் நினைக்கல.

மதுரையைப் பாருங்க. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனின்னு சுத்தி இருக்கிற அத்தனை மாவட்டத்துக்கும் அதுதான் பக்கம். வளைகுடா நாட்டு விமானங்கள் அங்க வந்து இறங்கணும்னா இருதரப்பு விமான ஒப்பந்தத்துல மதுரை பேரு இருக்கணும். அமீரகத்தோட போட்ட ஒப்பந்தத்துல இல்ல. சேருங்கன்னு தென் மாவட்டம் வருஷக்கணக்கா மனு குடுக்குது.

வெளிநாடு வாழ் இந்தியர்களுக்குன்னு தூதரகங்கள்ல ஒரு நல நிதி இருக்கு. 2009-ல ஆரம்பிச்சது. அந்தப் பணம் யார் பணம்? பாஸ்போர்ட், தூதரகச் சேவைக்குப் போகும்போதெல்லாம் நம்ம ஆளுங்ககிட்ட வாங்குற சின்னச் சின்னக் கட்டணத்துல சேர்ந்த பணம். ஆதரவில்லாம இறந்தவரோட உடலை ஊருக்கு அனுப்ப அதுல இருந்து செலவு பண்றாங்க. பண்ணணும். அதே நிதியில, சாகக் கிடக்கிற தாயைப் பாக்க ஓடுற தொழிலாளிக்கு ஒரு அவசர டிக்கெட்டுன்னு ஒரு தலைப்பைச் சேர்த்தா என்ன கெட்டுப்போகும்?

■ ஏன் யாரும் காது குடுக்கல?

ஓட்டு இல்ல. அவ்வளவுதான் காரணம்.

வெளிநாட்டுல இருக்கிற இந்தியக் குடிமகன் வாக்காளரா பதிவு பண்ணலாம்னு 2010-ல சட்டத்தைத் திருத்துனாங்க. ஆனா ஓட்டுப் போட நேர்ல ஊருக்கு வரணும். அம்மா சாவுக்கே வர முடியாதவன் பூத்துக்கு வருவானா? 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல அப்படிப் பதிவு பண்ணவங்க நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் மேல. வந்து ஓட்டுப் போட்டவங்க 3,000 பேரைக்கூடத் தொடல. பதிலி மூலமா ஓட்டுப் போட வழி பண்ற மசோதா 2018-ல மக்களவையில நிறைவேறுச்சு. மாநிலங்களவையில நிறைவேறாமலே 2019-ல செத்துப்போச்சு.

பிலிப்பைன்ஸைப் பாருங்க. நம்மளை மாதிரியே ஊரை விட்டுப் போய் உழைக்கிற நாடு. 2003-லயே வெளிநாட்டுல இருந்து ஓட்டுப் போடச் சட்டம் கொண்டு வந்தாங்க. 2021-ல புலம்பெயர் தொழிலாளருக்குன்னு தனித் துறையே அமைக்கச் சட்டம் போட்டாங்க. பக்கத்துல கேரளா 1996-லயே தனித்துறை ஆரம்பிச்சு, 2008-ல சட்டம் போட்டு, நலவாரியம், ஓய்வூதியம்னு நடத்துது. நம்ம தமிழ்நாட்டுல 2011-ல வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் வந்துச்சு. வாரியம் அமைஞ்சு வேலையைத் தொடங்கவே பத்து வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. இப்ப இருக்கு, வரவேற்கிறோம். ஆனா விழாவும் விருதும் மட்டும் போதாது. அறந்தாங்கி ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட ஆள் இல்லாம நிக்கிற மருமகளுக்கு அந்த வாரியம் ஒரு போன் நம்பராவது ஆகணும்.

■ நாம கேக்கிறது இதுதான்

1983 சட்டத்தை மாத்துறோம்னு 2019, 2021, 2025-ன்னு மூணு தடவை ஒன்றிய அரசு வரைவு போட்டுருச்சு. கடைசியா 2025 அக்டோபர்ல ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டுச்சு. அதனால இது புலம்புற நேரம் இல்ல, எழுதி வாங்குற நேரம்.

ஒண்ணு: புதுச் சட்டத்துல ஒரு பிரிவு வேணும். பெத்தவங்க, துணை, பிள்ளை யாருக்காவது உயிருக்கு ஆபத்துன்னா வருஷத்துக்கு 15 நாள் அவசரக் குடும்ப லீவு. சம்பளம் இல்லாட்டியும் பரவால்ல, திரும்பிப் போனா அதே வேலை இருக்கணும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்துக்கு அனுமதி குடுக்கக் கூடாது.

ரெண்டு: இருதரப்புத் தொழிலாளர் ஒப்பந்தம் அத்தனையிலயும் இதே வரி. வீட்டுவேலை செய்றவங்களுக்கும் சேர்த்து.

மூணு: தூதரக நல நிதியில அவசரப் பயணத்துக்குத் தனித் தலைப்பு. அரசு மருத்துவர் சான்று வந்த 24 மணி நேரத்துல டிக்கெட். கடனாக் குடுத்தாலும் சரி, நம்ம ஆளு திருப்பிக் கட்டுவான்.

நாலு: அவசர மருத்துவப் பயணத்துக்கும் துக்கப் பயணத்துக்கும் விமானக் கட்டண உச்சவரம்பு. மதுரையை விமான ஒப்பந்தப் பட்டியல்ல சேர்க்கணும்.

அஞ்சு: மாநில அரசுக்கு. 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியா ஏற்கெனவே வீடு தேடி மாத்திரை போகுது, பிசியோதெரபி போகுது. பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கிற முதியவங்க பட்டியலை அதோட இணைக்கணும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலயும் அயலகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு உதவி மேசை வேணும்.

ஆறு: உடன்படிக்கை 156-ஐ ஏத்துக்கணும். இங்க வேலை பாக்கிற எல்லாத் தொழிலாளிக்கும் பராமரிப்பு லீவைச் சட்டமாக்கணும். வெளிநாட்டுல இருக்கிற குடிமகனுக்கு இருக்கிற இடத்துல இருந்தே ஓட்டு வேணும்.

ஆறுல ஒண்ணாவது நடக்க முடியாததா? சொல்லுங்க.

■ கடைசியா

எங்க அப்பா இன்னும் ஜுபைல்லதான் இருக்காரு. வீட்டுக்கடன் முடிய ரெண்டு வருஷம் இருக்கு. இன்னமும் காலையில ஆறரைக்குக் கால் வருது. இப்ப அம்மா பேசுறாங்க. அம்மாவுக்கும் சுகர் ஆரம்பிச்சிருச்சு.

எனக்குச் சிங்கப்பூர்ல ஒரு வேலைக்கு இன்டர்வியூ முடிஞ்சிருக்கு. "நீ போய்யா, நான் பாத்துக்கிறேன்"னு அம்மா சொல்றாங்க. அப்பத்தா அப்பாகிட்ட இதே வார்த்தையைத்தான் சொல்லி அனுப்புனாங்களாம். நான் இன்னும் பதில் சொல்லல.

அந்த ஃபார்வேர்டை அனுப்புன சித்தப்பா மேல எனக்குக் கோவம் இல்ல. திண்ணையில உக்காந்திருக்கிற தாயைப் பாத்து அவருக்கும் மனசு வலிச்சிருக்கு. ஆனா விரல் நீள வேண்டியது பிள்ளையைப் பாத்து இல்ல. கடமைக்கு மட்டும் கடல் தாண்ட விசா குடுத்துட்டு, உரிமையைக் குடியேற்றக் கவுன்ட்டர்ல நிறுத்தி வச்சிருக்கிற அரசைப் பாத்து.

அடுத்த தடவை அந்தப் படம் உங்க குரூப்புக்கு வந்தா, சும்மா "உண்மை"ன்னு போடாதீங்க தோழர்களே. இந்தப் பதிவைக் கீழ போடுங்க. உங்க தொகுதி எம்.பி.க்கு இந்த ஆறு கோரிக்கையையும் எழுதுங்க, எந்தக் கட்சி எம்.பி.யா இருந்தாலும் சரி. வெளிநாட்டுல இருக்கிற தோழர்கள் உங்க அனுபவத்தைக் கமென்ட்ல எழுதுங்க. கம்பெனி பேரு, உங்க பேரு எதுவும் வேண்டாம். நாடும், எத்தனை நாள் கழிச்சு விட்டாங்கங்கிறதும் போதும். அத்தனையும் தொகுத்து நாடாளுமன்றத்துக்குக் கொண்டு போற வேலையை நம்ம அணி பாத்துக்கும்.

உழைக்கப் போனவன் பாசத்தை வித்துட்டுப் போகல.
தாய் முகம் பாக்கிறது சலுகை இல்ல, உரிமை!

– தகவல் தொழில்நுட்ப அணி

#தாய்முகம்பார்க்கும்உரிமை
#அவசரக்குடும்பவிடுப்பு
#அயலகத்தொழிலாளர்